மாமாவின் குளிசையும் அண்ணாவின் போத்தலும்

மனநோய்க்குக் குளிசை போட்டால் மூளை பழுதாகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இல்லை. மட்டக்களப்பில் பஸ் ஏறிக் கல்முனையில் இறங்குவதற்குள் இந்த விஷயத்தில் ஆலோசனை சொல்ல ரெண்டு பேராவது கிடைப்பார்கள், அதில் ஒருவர் படித்தவராகவும் இருப்பார். "கொஞ்சக் காலம் போட்டுட்டு மெல்லக் குறைச்சு விட்டுடுங்க, இல்லாட்டி ஆள் மந்தமாப் போயிடுவார்" என்பார். டொக்டர் சொன்னதை விட இந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம், காசும் கொடுக்க வேண்டியதில்லை, வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, இருபது வருடத்துக்கு மேலாக லித்தியம் என்ற குளிசை போடுகிறார். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருப்பவர். அவருக்கு இருப்பது பைபோலர் என்கிற இருதுருவ நோய். சில காலம் நித்திரையே இல்லாமல் பேச்சும் செலவும் திட்டமுமாக நிற்பார், சில காலம் பாயை விட்டு எழும்பமாட்டார். முதல் தடவை வருத்தம் முற்றியபோது கோயில் திருவிழாவுக்கென்று கடனுக்கு ஒலிபெருக்கி எடுத்து வைத்துவிட்டு, மார்கழி அடைமழையில் தனியாகக் கதிர்காமத்துக்கு நடக்க வெளிக்கிட்டார். ஊர்ச்சனம் பாத யாத்திரை போவது ஆடித் திருவிழாவை ஒட்டித்தான். திருக்கோவிலில் வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். பிறகு பார்வை பார்த்தது, நூல் கட்டியது, தண்ணீர் ஓதியது எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் ஆஸ்பத்திரி. லித்தியம் தொடங்கிய பிறகு அவருக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கலியாணம் நிலைக்கவில்லை, அது வேறு கதை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "மருமகன், இந்தக் குளிசைய இனி விடப் போறன். அம்மாட தலை எப்பிடிப் போகுதெண்டு நீ பாக்கிறாய்தானே. எனக்கும் அறளை பேந்தா ஆர் பாக்கிற? இது வேற மூளையத் தின்னுதாம்."

அம்மம்மாவுக்கு மறதி நோய். அப்பப்போ அம்மப்பாவுக்குச் சோறு போட்டாயா என்று அம்மாவைக் கேட்பார். அம்மப்பா போய்க் கனகாலம்.

இதே நாட்களில்தான் டொரண்டோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணா, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். லித்தியம் அல்சைமர் என்ற மறதி நோயைத் தடுக்குமாம், டொக்டர் துண்டில்லாமலே போத்தலில் வாங்கலாம், அம்மம்மாவுக்கு அனுப்பட்டா? ஒரே வீட்டில் ஒருவர் மூளையைத் தின்னுது என்று லித்தியத்தை விடப் பார்க்கிறார், இன்னொருவருக்கு மூளையைக் காக்கும் என்று அதே லித்தியத்தைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். நான் டொக்டர் இல்லை, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனால் இந்த ரெண்டுக்கும் நடுவில் எது சரி என்று தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

லித்தியம் ஒன்றும் கொம்பனிக்காரன் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய சிக்கலான மருந்து இல்லை. ஆவர்த்தன அட்டவணையில் மூன்றாவது மூலகம், ஐதரசன், ஹீலியத்துக்கு அடுத்தது. 1817இல் சுவீடனில் ஒரு கனிமத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். ஃபோன் பற்றரியில் இருப்பதும் இதே மூலகம்தான், குளிசையில் இருப்பது அதன் காபனேற்று உப்பு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் செவன் அப் சோடாவிலேயே லித்தியம் சிற்றேற்று கலந்து விற்றார்கள் என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

மனநோய்க்கு இது வந்த விதம் ஒரு தற்செயல். ஜோன் கேட் என்ற ஆஸ்திரேலிய டொக்டர் ரெண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் மூன்றரை வருடம் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். ஊருக்குத் திரும்பி மெல்பேர்னில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும்போது, பித்து முற்றியவர்களின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று நினைத்து அதைக் கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். யூரிக் அமிலத்தின் பங்கைச் சோதிக்க வேண்டியிருந்தது, அது தண்ணீரில் லேசில் கரையாது. கரைகிற உப்பாக இருக்கட்டும் என்றுதான் லித்தியம் யூரேற்றை எடுத்தார். துள்ளித் திரிந்த பன்றிகள் அடங்கிப் போயின. நினைத்த நஞ்சு கிடைக்கவில்லை, அதற்குப் பதில் மருந்து கிடைத்தது. முதலில் தானே போட்டுப் பார்த்துவிட்டு, பித்து நிலையில் இருந்த 10 பேருக்குக் கொடுத்து, 1949இல் கட்டுரையாக எழுதினார். முதல் நோயாளி ஐந்து வருடமாக அடங்காமல் இருந்தவர். சில மாதங்களில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறிப் பழைய வேலைக்கே திரும்பினார். அதே மனிதர் 1950இல் லித்தியம் நஞ்சேறி இறந்தும் போனார். கதையின் முதல் பாதியை மட்டும் சொல்கிறவர்கள் கனபேர், அதனால்தான் ரெண்டாவது பாதியையும் எழுதி வைக்கிறேன்.

அதே 1949இல் அமெரிக்காவில் இதயநோய்க்காரருக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட்டை விற்று, சிலர் செத்தும் போனார்கள். அதனால் அங்கே 1970 வரை இதற்கு அனுமதி கிடைக்கவில்லை. நடுவில் இந்த மருந்தைக் கைவிடாமல் தூக்கிப் பிடித்தவர் டென்மார்க்கின் மோகென்ஸ் ஸ்கவ். அவருடைய உடன்பிறந்தவர் ஒருவருக்கே திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு இருந்தது. வருத்தம் வந்தபின் அடக்குவதற்கு மட்டுமில்லை, வராமல் தடுக்கவும் லித்தியம் உதவும் என்று காட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, மூளைக்கு வருவோம். லித்தியம் என்ன செய்கிறது என்று அரை நூற்றாண்டாகத் தோண்டுகிறார்கள், முழுக்கதை இன்னும் யார் கையிலும் இல்லை. ஆனால் 1996இல் ஒரு நல்ல துப்புக் கிடைத்தது: ஜிஎஸ்கே-3 என்ற ஒரு நொதியத்தை லித்தியம் அடக்குகிறது. மக்னீசியம் இருக்க வேண்டிய இடத்தில் இது போய்ப் போட்டி போடுகிறது. இந்த நொதியத்துக்கும் அல்சைமருக்கும் என்ன தொடர்பு என்றால், டௌ என்ற புரதம். மாமாவின் தோட்டத்தில் வெற்றிலைக் கொடியைக் கொம்போடு நாரால் கட்டி விடுவார்கள். நரம்புக் கலத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களை அப்படிக் குலையாமல் பிடித்து வைத்திருப்பதுதான் டௌ. ஜிஎஸ்கே-3 அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் டௌவின் மேல் பொசுபேற்றைக் கண்டபடி ஏற்றி அந்தக் கட்டை அவிழ்த்துவிடும், அவிழ்ந்த நார் எல்லாம் ஒன்றோடொன்று முறுகிச் சிக்காகும். அல்சைமர் வந்து இறந்தவர்களின் மூளையில் நுணுக்குக்காட்டியில் தெரியும் சிக்குகள் இவைதான். ஆக, அந்த நொதியத்தை அடக்குகிற மருந்து இந்தச் சிக்கையும் குறைக்குமா என்ற கேள்வி தானாகவே வந்தது.

இதோடு வேறும் உண்டு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் டி-மாவ் சுவாங்கின் குழு, எலியின் மூளையிலிருந்து எடுத்த நரம்புக் கலங்களைச் சில நாள் லித்தியத்தில் வைத்துவிட்டு அதன்பின் குளூட்டமேற்றால் தாக்கியது. குளூட்டமேற்று மூளையில் இயல்பாகவே இருக்கும் ஒரு செய்தி காவி, அளவு மீறினால் நரம்புக் கலத்தைக் கொன்றுவிடும், பாரிசவாதத்தில் நடக்கிற அழிவில் இதற்கும் பங்கு உண்டு. லித்தியத்தில் இருந்த கலங்கள் கூடுதலாகத் தப்பின. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது அந்த "சில நாள்" என்பதுதான், இன்றைக்குப் போட்டால் நாளைக்குப் பாதுகாப்பு என்கிற விஷயம் இல்லை இது. கலம் சாகாமல் காக்கும் பிசிஎல்-2 என்ற புரதமும், நரம்புக் கலத்துக்கு உரம்போடுகிற பிடிஎன்எஃப் என்ற புரதமும் கூடுவதாகவும், கலம் தன் குப்பையைத் தானே தின்று சுத்தம் செய்கிற வேலை லித்தியத்தால் முடுக்கிவிடப்படுவதாகவும் பல ஆய்வுகூடங்கள் சொல்கின்றன.

பிறகு மனிதரில். 2000இல் லித்தியம் தொடங்கிய 10 நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், நான்கு வாரத்தில் 8 பேரின் சாம்பல்நிறப் பகுதி சுமார் 3 வீதம் கூடியிருந்தது. அது உண்மையான வளர்ச்சியா, அல்லது இந்த உப்பு உள்ளே போனதால் தண்ணீர் இழுத்துப் படத்தில் பெருத்துத் தெரிகிறதா என்று சண்டை நடந்தது, நியாயமான சண்டைதான். ஆனால் 2018இல் பல நாட்டு நோயாளிகளின் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய ஆய்விலும் லித்தியம் போடுகிறவர்களின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளிப்படை, போடாத நோயாளிகளுடையதை விடத் தடிப்பாகவே இருந்தது.

மாமாவுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். இருதுருவ நோயே ஒருவருக்கு மறதி நோய் வரும் வாய்ப்பை ரெண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. அதாவது மூளையைத் தின்பது ஏதாவது இருந்தால் அது வருத்தம்தான், குளிசை இல்லை. 2007இல் பிரேசிலில் வயதான இருதுருவ நோயாளிகளைப் பார்த்தார்கள். லித்தியம் தொடர்ந்து போட்ட 66 பேரில் 3 பேருக்கு அல்சைமர், போடாத 48 பேரில் 16 பேருக்கு. டென்மார்க்கின் நாடளாவிய பதிவேடுகளைப் பார்த்தவர்களும் லித்தியத்தைத் தொடர்ந்து எடுத்தவர்களில் மறதி நோய் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். இதே வருத்தத்துக்குக் கொடுக்கும் வலிப்பு மருந்துகளுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்ட 29,618 பேர். அதில் லித்தியம் எடுத்த 548 பேரில் 9.7 வீதத்தினருக்கு மறதி நோய், மற்றவர்களில் 11.2 வீதம். வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் லித்தியம் எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே மறதி நோய் வாய்ப்புக் கூடிய வருத்தம் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் பெரிதாகிறது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "லித்தியம் மூளையைக் காக்கும்" என்று தலைப்புப் போடுகிறவர்களோடுதான் எனக்குக் கோபம். பதிவேட்டைப் பார்த்து எடுக்கும் முடிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. லித்தியத்தை வருடக்கணக்கில் போடுகிறவர் யார்? சிறுநீரகம் நல்லாக இருப்பவர், கிளினிக்குக்கு ஒழுங்காக வருபவர், வீட்டில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கூட வர ஒரு ஆள் இருப்பவர். அப்படிப்பட்டவருக்கு மறதி நோய் குறைவாக வந்தால் பாராட்டு குளிசைக்கா, கூட வந்த அக்காவுக்கா?

அதனால்தான் சீட்டுக் குலுக்கி ரெண்டு பிரிவாகப் பிரித்துச் செய்யும் சோதனை தேவை. அங்கே கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. 2008இல் இத்தாலியில், தசைகளை இயக்கும் நரம்புகள் அழிகிற ஏ.எல்.எஸ். என்ற கொடிய நோய்க்கு லித்தியம் கொடுத்தார்கள். 16 பேர், 15 மாதம், ஒருவரும் இறக்கவில்லை. செய்தி பரவியதும் உலகமெங்கும் நோயாளிகள் தாங்களாகவே லித்தியம் வாங்கிப் போடத் தொடங்கினார்கள். பெரிய சோதனைகள் வந்தபோது ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தது, ஒன்றை நடுவிலேயே நிறுத்தினார்கள். அல்சைமருக்கும் 2009இல் 10 வாரம் கொடுத்துப் பார்த்த சோதனை தோற்றது, 10 வாரம் போதாது என்பது வேறு விஷயம். 2011இல் சாவோ பாவ்லோவில், மறதி லேசாகத் தொடங்கிய 45 பேரில் சிறிய அளவு லித்தியம் கொஞ்சம் உதவியதாகத் தெரிந்தது. 45 பேர் என்பது எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பு.

அப்படியொரு வலிப்பு மருந்தான வல்புரோவேற்றையும் சொல்ல வேண்டும், இங்கே அதைத்தான் லித்தியத்தை விடக் கூடுதலாகக் கண்டிருக்கிறேன், எபிலிம் என்றால் எல்லாருக்கும் தெரியும். இதன் கதையும் தற்செயல்தான். 1882இலேயே செய்துவிட்டு எண்பது வருடம் வெறும் கரைப்பானாக வைத்திருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் வேறு மருந்துகளை இதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு நிற்கிறதே என்று பார்த்தால், வேலை செய்தது கரைப்பான். ஆய்வுகூடத்தில் வல்புரோவேற்றும் நரம்புக் கலங்களைக் காத்தது, மரபணுக்களைச் சுற்றியிருக்கும் புரதங்களைத் தளர்த்திப் பாதுகாப்புப் புரதங்களைக் கூட்டுகிறது என்றார்கள். நம்பிக்கையோடு 313 அல்சைமர் நோயாளிகளில் ரெண்டு வருடம் சோதித்தார்கள். 2011இல் முடிவு வந்தது: நோய் தள்ளிப்போகவும் இல்லை, வல்புரோவேற்று எடுத்தவர்களின் மூளை மற்றவர்களுடையதை விட வேகமாகச் சுருங்கியும் இருந்தது. கோப்பைக்குள் கலத்தைக் காத்த மருந்து ஆளுக்குள் அதைச் செய்யவில்லை. கர்ப்பத்தில் இதை எடுத்தால் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள், 30 முதல் 40 பேர் வரை பேச்சிலும் படிப்பிலும் பின்தங்குகிறார்கள். கலியாணப் பேச்சில் பொம்பிளைப் பிள்ளையின் குளிசையை மறைக்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைப்பது உங்கள் இஷ்டம், டொக்டரிடம் கலியாணம் பேசுகிறோம் என்று முதலே சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்ற நேரம் வேண்டும். வலிப்புக்குப் போடுகிறவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்தவும் கூடாது, அது அதைவிட ஆபத்து.

அளவு மீறாத வரைக்கும் லித்தியத்துக்குப் பயப்பட வேண்டிய இடங்கள் மூளையில் இல்லை, சிறுநீரகத்திலும் தைரொயிட்டிலும் இருக்கின்றன. மாமாவின் பாய்க்குப் பக்கத்தில் இரவில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும், விடியுமுன் அது காலி, ரெண்டு மூன்று தரம் வெளியே போய் வருவார். சிறுநீரைச் செறிவாக்கும் வேலையில் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. வெற்றிலை அடுக்கும்போது விரல் லேசாக நடுங்கும், தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் ஊற்றிக் கொடுப்போம். இரத்தத்தில் லித்தியம் லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் அளவில் நின்றால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. இவ்வளவு ஒடுங்கிய வரம்பு. கடைசிக் குளிசை போட்டுப் 12 மணித்தியாலம் கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும், காலைக் குளிசையைப் போட்டுவிட்டுப் போய்க் கையை நீட்டினால் அந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது.

ஒரு பங்குனி வெயிலில் மாமாவுக்கு இடுப்பு உளைவு. தோட்டத்தில் வேர்த்துக் கொட்டிக்கொண்டே ஒரு கடையில் வாங்கிய டைக்குளோபெனக்கைச் சில நாள் போட்டிருக்கிறார். பிறகு வயிற்றால் போனது, நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. ஒழுங்கையில் கண்டவர்கள் ஆள் குடித்திருக்கிறார் என்று சிரித்தார்கள், மாமா வாழ்க்கையில் கள்ளுக்கூடக் குடித்ததில்லை. கையின் நடுக்கம் வழக்கத்தை விடப் பெரிதாக இருந்ததைக் கண்டு அம்மாதான் சத்தம் போட்டு ஆட்டோ பிடித்தார். லித்தியம் 2ஐத் தாண்டியிருந்தது. உடம்பில் சோடியமும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், லித்தியத்தையும் சோடியம் என்று நினைத்துச் சேர்த்துப் பிடிக்கும். டைக்குளோபெனக், ஐபுபுரொபன் போன்றவை இதைக் கூட்டும். நோவுக்குப் பரசிற்றமோல் போடலாம். வேர்க்கும் ஊரில், எந்தக் கடையிலும் நோக்குளிசை கிடைக்கும் ஊரில், லித்தியம் போடுகிறவர் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான், மூளை பற்றிய ஆராய்ச்சி எல்லாம் பிறகு.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது லித்தியத்துக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதன்போது யாரும் எங்களிடம் "விட்டுடுங்க" என்று சொல்லவில்லை, எல்லாருக்கும் மாமாவின் பழைய கோலம் ஞாபகத்தில் இருந்தது.

அண்ணா அனுப்பிய செய்தி 2025 ஆவணியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வைப் பற்றியது. ஹார்வர்டின் புரூஸ் யாங்னரின் குழு, இறந்தவர்களின் மூளையில் 27 உலோகங்களை அளந்து பார்த்தது. மறதி தொடங்கியவர்களின் மூளையில் தெளிவாகக் குறைந்திருந்த ஒன்றே ஒன்று லித்தியம். எல்லார் மூளையிலும் இயல்பாகவே துளியளவு லித்தியம் இருக்கிறது, அல்சைமரில் மூளையில் சேரும் அமிலோயிட் என்ற புரதப் படிவுகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்கிறார்கள். சாப்பாட்டில் லித்தியத்தைக் குறைத்த எலிகளுக்கு அமிலோயிட்டும் டௌச் சிக்கும் கூடி ஞாபகம் கெட்டது, அமிலோயிட்டில் அவ்வளவாக ஒட்டாத லித்தியம் ஒரோட்டேற்று என்ற உப்பை மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது எலிகள் தேறின. நான் பல காலமாகப் படித்தவற்றில் மனதைக் கிளப்பிய ஆய்வு இது, மறுக்கவில்லை. ஆனால் எலி. அல்சைமரில் எலியைக் குணப்படுத்திய மருந்துகளை அடுக்கினால் எங்கள் பார்மசி கொள்ளாது. அண்ணா அனுப்பப் பார்த்த போத்தலும் ஒரோட்டேற்றுத்தான், அமெரிக்காவில் அதைச் சத்துக் குளிசை என்ற பெயரில் விற்கிறார்கள், மருந்துக்குச் செய்கிற சோதனை அதற்குக் கிடையாது.

அம்மம்மாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதினேன். வயது போன சிறுநீரகம், பிரஷருக்கு லோசாட்டனும் நீர்க் குளிசையும், முழங்காலுக்கு நோக்குளிசை. லித்தியத்தை உடம்புக்குள் தேக்கி வைக்கிற மூன்றும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அண்ணாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அவ்வளவு காசு கொடுத்து அனுப்பத்தான் வேண்டுமென்றால் அம்மம்மாவுக்குக் காது கேட்கிற கருவி வாங்கி அனுப்பலாம் என்றேன். காது மந்தமும் மறதி நோயைக் கூட்டும் காரணங்களில் ஒன்றென்று இப்போது தெளிவாகவே சொல்கிறார்கள், அம்மம்மாவுக்கு இனி அது மறதியைத் திருப்பாவிட்டாலும் அம்மா கத்திக் கத்திப் பேச வேண்டி வராது.

மாமாவோடு பேசியது அதைவிடக் கஷ்டம். லித்தியம் உனக்கு அறளை வராமல் காக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, மூளையைத் தின்னவில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம், காக்கிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, விட்டால் பழைய வருத்தம் திரும்பும் என்பதற்கு நிறையவே ஆதாரம் இருக்கிறது. இதைத்தான் சொன்னேன். டொக்டரும் போன கிளினிக்கில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்த்துவிட்டு அளவைக் கொஞ்சம் குறைத்து, எல்லாவற்றையும் இரவில் ஒரே தரமாகப் போடச் சொன்னார். சிறுநீரகம் இன்னும் இறங்கினால் மருந்தை மாற்ற வேண்டி வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

மாமா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப என்ட குளிசையில பாதிய ஒடச்சு அம்மாக்குக் குடுத்தா என்ன?" என்றார். அண்ணாவுக்கு எழுதியதை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது ரெண்டு பேரின் குளிசைப் பெட்டியும் வேறு வேறு அறையில்.